ஏறாத முள்

காரின் பானெட்டைத் தூக்கியதும் முதலில் வெளியே வந்தது நாற்றம்தான். சர்க்கரைப் பாகைக் கருகவிட்டு, அதில் துருப்பிடித்த இரும்பை ஒரு வாரம் ஊறப்போட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு வாடை. சர்வேயரம்மா கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

"அக்கா, இது எஞ்சினா, இல்ல யாராவது அடுப்புல எதையாவது வெச்சு மறந்துட்டாங்களா?" என்றான் ஸ்பீக்கர்.

"கூலன்ட்டு. எஞ்சினைக் குளுமையா வெச்சிருக்க ஊத்துற மருந்துத் தண்ணி. கொதிச்சா இப்படித்தான் இனிப்பா நாறும். விரலை விட்டு நக்கிப் பார்த்துடாதே, விஷம்."

"கல்யாணம் ஆனவன்கிட்ட விஷத்தைக் காட்டி ஆசை மூட்டுறீங்களே."

சர்வேயரம்மா சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அரை ஆயுளைக் கழித்தவள் அவள். அந்த வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பழைய பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஸ்பீக்கர் அவளுடைய ஒரே உதவியாளன். முப்பதைத் தாண்டியும் வாய் ஓயாதவன். அதற்குத்தான் அந்தப் பெயர்.

அவர்கள் நின்றிருந்த பட்டறையும் பானெட்டுக்குச் சளைத்ததல்ல. தரையெல்லாம் கறுப்புப் பிசுக்கு. செருப்பு ஒவ்வொரு அடிக்கும் ஒட்டி, 'ப்ச்' என்று பிரிந்தது. பழைய டயர்களில் தேங்கிய தண்ணீரில் புழு நெளிந்தது. பக்கத்து வண்டியின் கூரையில் யாரோ தின்று மிச்சம் வைத்த தட்டு, அதன்மேல் ஈ. பட்டறைக்காரர் அந்தத் தட்டுக்கு அருகிலேயே சாய்ந்து பல்லைக் குத்திக்கொண்டிருந்தார்.

இந்த வண்டியில்தான் போன வாரம் ஓர் உயிர் போயிருந்தது. ஊரில் பெரிய டீச்சர் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நுரையீரல் நைந்துபோய், சிலிண்டர் ஆக்சிஜனில் வாழ்ந்துகொண்டிருந்தார். வாரம் ஒரு தடவை அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது மருமகன். போய்ச் சேருவதற்குப் போதுமான அளவு கொண்ட சின்ன சிலிண்டர் ஒன்று கூடவே போகும். அன்றைக்கு உப்பளங்களுக்கு நடுவே, செல்போன் சிக்னல் எட்டாத இடத்தில், உச்சி வெயிலில் வண்டி நின்றுவிட்டது. மருமகன் உதவி தேடி ஓடினான். ஆளைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது சிலிண்டரும் ஓய்ந்திருந்தது, பெரிய டீச்சரும் ஓய்ந்திருந்தார்.

போலீஸ் துரதிர்ஷ்டம் என்று எழுதி மூடிவிட்டது. ஆனால் நேற்றுக் காலை பெரிய டீச்சரின் மகள் சர்வேயரம்மாவின் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியைக் காகிதக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எங்கம்மாவைக் கொன்னது என் வீட்டுக்காரர்தான். எப்படின்னு நீங்க சொல்லுங்க. எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பானெட்டை எப்படித் திறக்கறதுன்னுகூடத் தெரியாது. ஆனா அந்த வண்டியைப் பாருங்க. அதுல ஏதோ இருக்கு."

அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்க்க என்ன இருக்கு?" என்றார் பட்டறைக்காரர், குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே. "மேல் ஹோஸ் வெடிச்சுப்போச்சு. தண்ணி பூரா வெளிய போயிடுச்சு. எஞ்சின் சூடாகி மடங்கிடுச்சு. அவ்வளவுதான்."

சர்வேயரம்மா குனிந்து அந்த ரப்பர் குழாயை விரலால் திருப்பினாள். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் பாதி வட்டத்துக்கு வாய் பிளந்திருந்தது.

"ஸ்பீக்கர், இங்க பாரு. வெடிச்ச ரப்பர் எப்படி இருக்கும்?"

"என் சட்டைப் பொத்தான் இடம் மாதிரி. உப்பி, நூல் நூலா கிழிஞ்சு."

"இது?"

ஸ்பீக்கர் டார்ச் அடித்துப் பார்த்தான். ஓரம் வழவழவென்று இருந்தது. "கத்தி. நல்லா தீட்டின கத்தி. அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நிஜம். மருமகன் அறுத்திருக்கான். கேசு முடிஞ்சுது, வாங்க கை கழுவுவோம், எனக்குக் குமட்டுது."

"அவசரப்படாதே. இந்தக் குழாய்ல ஓடுறது கொதிக்கிற தண்ணி. வண்டி ஓடும்போது இது பிளந்திருந்தா, பக்கத்துல இருக்கறதெல்லாம் குளிச்சிருக்கும். கீழே பாரு."

குழாயைச் சுற்றிக் காய்ந்த தூசி, பூசிய பவுடர் மாதிரி கலையாமல் இருந்தது. ஆனால் ஒரு முழம் தள்ளி, ரேடியேட்டர் மூடியிலிருந்து பழுப்பு நிறக் கறை ஒன்று விசிறியாக விரிந்து, பானெட்டின் உட்புறம் வரைக்கும் தெறித்துக் காய்ந்திருந்தது. சர்வேயரம்மா மூடிக்கு நேரே டார்ச்சைப் பிடிக்கச் சொன்னாள். மூடியின் விளிம்பில் மெல்லியதாக, வெங்காயச் சருகு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா இது, ஸ்டிக்கரா?"

"தோலு. மனுஷத் தோலு."

ஸ்பீக்கர் டார்ச்சை அவள் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு ஓடினான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "காலைல சாப்பிட்டதுக்கு வருத்தப்படறது இதுதான் முதல் தடவை."

"சூடா இருக்கும்போது யாரோ வெறுங்கையால மூடியைத் திறந்திருக்காங்க. உள்ள இருந்த அழுத்தத்துல கொதிதண்ணி பீச்சி அடிச்சிருக்கு. இப்ப யோசி. பஞ்சரான டயர்ல வால்வைத் திறந்தா காத்து பீச்சுமா?"

"பீச்சாது."

"ஹோஸ் அறுபட்டிருந்தா இதுவும் பீச்சியிருக்காது. வண்டி நடுவழில நின்னப்ப ஹோஸ் முழுசாத்தான் இருந்திருக்கு. அறுத்தது அப்புறம்."

"வண்டி நின்ன பிறகு எதுக்கு அறுக்கணும்?"

சர்வேயரம்மா எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தாள். அதன் அடியில் வெளுத்த மஞ்சளில் கொழகொழவென்று ஒரு பசை, ஆறிப்போன சளி மாதிரி அப்பியிருந்தது. ஸ்பீக்கர் கண்ணை மூடிக்கொண்டான்.

"தண்ணியும் ஆயிலும் கலந்தா இப்படி ஆகும். உள்ள ரெண்டையும் பிரிக்கிற கேஸ்கெட் போயிடுச்சுன்னு அர்த்தம். ஒரு நாள்ல இவ்வளவு சேராது. மாசக்கணக்கா தண்ணி குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. இந்த டப்பாவைப் பாரு." கூலன்ட் நிரப்பும் பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டினாள். அடியில் பழுப்பாகச் சேறு. "யாரோ குழாய்த் தண்ணியை ஊத்தி ஊத்தி ஓட்டியிருக்காங்க. கிட்டத்துல போய்ட்டு வர இது தாங்கும். தூரத்துக்கு எடுத்தா பொட்டுனு நிக்கும்."

எஞ்சின் ஓரத்தில் ஒரு சின்ன பிளக் அதன் இடத்திலிருந்து கழற்றப்பட்டு, கம்பிக் கற்றைக்குள் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்ததையும் அவள் கவனித்தாள். சூட்டை அளந்து டாஷ்போர்டுக்குச் சொல்லும் சென்சாருடைய பிளக். அது கழன்றிருந்தால் எஞ்சின் அடுப்பாக எரிந்தாலும் சூடு காட்டும் முள் ஏறாது. வண்டிக்குள் தலையை நீட்டினாள். ஹீட்டர் திருகு முழுச் சூட்டில் நின்றது.

"இந்த வெயில்ல ஹீட்டரா? வண்டி ஓட்டினது மனுஷனா, பொரிக்கப் போற முட்டையா?" என்றான் ஸ்பீக்கர்.

"நோயாளி வண்டியைத் தெரிஞ்சு ஓட்டறவங்க செய்யற வேலை அது. ஹீட்டரைப் போட்டா எஞ்சின் சூட்டுல கொஞ்சம் உள்ள இழுத்துக்கும்." பட்டறைக்காரர் பக்கம் திரும்பினாள். "வண்டி இங்க வந்த பிறகு யாராவது வந்து பார்த்தாங்களா?"

"யாரும் வரல" என்றார் அவர். ஒரு ஈயை விரட்டினார். அது தட்டிலிருந்து எழுந்து அவர் மீசையில் உட்கார்ந்தது.

மருமகன் பொது வார்டின் கடைசிக் கட்டிலில் இருந்தான். இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கட்டு. கழுத்திலும் தாடையிலும் தண்ணீர் தெறித்த இடங்கள் சிவந்து உரிந்திருந்தன. பக்கத்துக் கட்டில்காரர் அவனுக்கு ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். சர்வேயரம்மா அந்தக் கட்டுகளைப் பார்த்தாள். இந்தக் கைகளால் ஒரு பொத்தானைக்கூடப் போட முடியாது. ரப்பரை எங்கே அறுப்பது?

"எப்போலேர்ந்து இங்க இருக்கீங்க?"

"அன்னிலேர்ந்து. அத்தையை எடுத்துட்டுப் போனதுக்குக்கூட என்னை விடல." குரல் தேய்ந்திருந்தது. "நீங்க அவ அனுப்பி வந்திருக்கீங்களா? அவ எப்படி இருக்கா?"

சர்வேயரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

"எங்க வீட்டுல ரெண்டு வண்டி. என் வண்டிலதான் எப்பவும் அத்தையைக் கூட்டிட்டுப் போவேன். அன்னிக்கு அவளுக்கு வெளியூர் மீட்டிங், அது வேணும்னு எடுத்துட்டுப் போனா. இது அவ ஆபீசுக்கு எடுத்துட்டுப் போற வண்டி. உள்ள ஏறினதுலேர்ந்து ஒரே அனல் காத்து. ஏசி பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், சூடுதான் வந்துச்சு. அத்தைக்கு வேர்த்து ஊத்துச்சு. அப்புறம் திடீர்னு சூடு நின்னுச்சு. அப்பாடா, ஏசி சரியாயிடுச்சுன்னு அத்தைகிட்ட சொன்னேன். சொல்லி வாய் மூடலை, வண்டி நடுங்கி நின்னுபோச்சு. பதட்டத்துல பானெட்டைத் தூக்கி வெறுங்கையால ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன், கை ரெண்டும் வெந்துபோச்சு."

சர்வேயரம்மாவுக்குக் காரணம் புரிந்தது. ஹீட்டர் வரைக்கும் போகிற அளவுக்குத் தண்ணீர் மிச்சமில்லாததால்தான் அந்தச் சூடு நின்றது. இவன் அதை நல்ல சேதியாக அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

"முள் ஏறலையா? டெம்பரேச்சர் முள்?"

"இல்லைங்க. அதைத்தான் போலீஸ்லயும் சொன்னேன். அது கீழேயேதான் படுத்திருந்துச்சு. ஏறியிருந்தா ஊருக்குள்ளேயே நிறுத்தியிருப்பேனே."

வெளியே வராந்தாவில் ஸ்பீக்கர் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இவன் பொய் சொல்லலை."

"பொய் சொல்லணும்னா முள் சிவப்புக்குப் போச்சுன்னுதான் சொல்லியிருப்பான். வண்டி சூடாச்சுங்கறதுதானே அவனுக்குச் சாக்கு? சாக்கு தேவைப்படறவன் அந்தச் சாக்கைக் காட்டற பிளக்கை எதுக்குக் கழட்டணும்?"

"அப்ப கழட்டினது..."

"முள் ஏறினா வண்டி ஊருக்குள்ள நின்னுடுமேன்னு பயந்தவங்க. வா, அந்தப் பொண்ணு ஆபீசுக்கு."

மகள் வேலை பார்த்த அலுவலகம் கண்ணாடியும் எஃகுமாக மின்னியது. அதன் அடித்தளத்தில் வண்டி நிறுத்துமிடம். பெயர்ப்பலகை போட்ட அவளுடைய இடத்தில் இப்போது கணவனின் வண்டி நின்றிருந்தது. அதன் முன்சக்கரத்துக்குக் கீழே, துடைத்து வைத்த சிமென்ட் தரையில், துருப்பிடித்த ரத்தம் மாதிரி அகலமான ஒரு கறை. ஸ்பீக்கர் அதில் கால் வைக்காமல் தாண்டினான்.

பார்க்கிங் காவலாளி துடைப்பத்துடன் வந்தார். "அதைப் பார்க்காதீங்க சார், மானம் போகுது. எவ்வளவு தேய்ச்சும் போகமாட்டேங்குது. இந்த வண்டி இல்ல, மேடத்தோட பழைய வண்டி ஒழுகினது."

"ரொம்ப நாளா ஒழுகுதா?" என்றாள் சர்வேயரம்மா.

"மழைக்கு முன்னாடிலேர்ந்து. தினமும் சாயங்காலம் நான்தான் கேன்ல தண்ணி கொண்டாந்து தருவேன். மேடமே பானெட்டைத் தூக்கி ஊத்திக்குவாங்க. நான் ஊத்தறேன்னா விடமாட்டாங்க, உன் கை அழுக்குன்னுவாங்க."

ஸ்பீக்கர் சர்வேயரம்மாவைப் பார்த்தான். பானெட்டைத் திறக்கவே தெரியாது என்று சொன்னவள் அந்த மகள். அவன் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். சர்வேயரம்மா தன் போனில் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள்.

மேலே, மகளின் அறையில் மருந்துக்கடை வாசனை அடித்தது. மேசையில் கை துடைக்கும் திரவம் மட்டும் மூன்று பாட்டில். மகள் எழுந்து நிற்காமல் எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"வண்டியைப் பார்த்தீங்களா? ஏதாவது கிடைச்சுதா?"

"மேல் ஹோஸ்ல கோளாறு."

"எனக்குத் தெரியும்." மகள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அளவெடுத்துத் தைத்த பெருமூச்சு. "அறுத்துட்டாரா? எங்கம்மா அவரைப் பெத்த பிள்ளை மாதிரி நம்பினாங்களே."

"பட்டறைக்காரர் வெடிச்சுதுன்னு சொல்றார். போலீசும் துரதிர்ஷ்டம்னுதான் எழுதுச்சு. அறுத்ததுன்னு நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலையே."

மகளின் கை பாட்டிலை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

ஸ்பீக்கர் உள்ளே வந்தான். "பட்டறைக்காரர்கிட்ட பேசினேன். இவங்க வந்திருக்காங்க. அம்மாவோட மூக்குக்கண்ணாடி வண்டில இருக்குன்னு சொல்லி, தனியா கொஞ்ச நேரம் நின்னிருக்காங்க. அப்ப ஏன்யா யாரும் வரலைன்னேன்னு கேட்டா, 'யாராவது வந்தாங்களான்னுதானே கேட்டீங்க, வண்டிக்குச் சொந்தக்காரங்க யாராவதா?'ன்னு என்னையே திருப்பிக் கேக்கறார்."

"தினமும் தண்ணி ஊத்தி ஓட்டின வண்டி அது" என்றாள் சர்வேயரம்மா. "எவ்வளவு தூரம் தாங்கும்னு உங்களுக்குத் துல்லியமா தெரியும். அன்னிக்குத் தண்ணி ஊத்தலை. முள் ஏறாம இருக்கறதுக்காக பிளக்கைக் கழட்டினீங்க. வழக்கம்போல போட்டு ஓட்டற ஹீட்டரை நிறுத்த மறந்துட்டீங்க. போலீஸ் துரதிர்ஷ்டம்னு மூடினதும் பாதி வேலைதான் முடிஞ்சுது. வீட்டுக்காரர் வெளிய இருக்காரே. அதுக்குத்தான் ஹோஸை அறுத்தீங்க. அறுத்ததைக் கண்டுபிடிக்க வண்டி தெரிஞ்ச ஒரு ஆள் வேணும். என்னைத் தேடி வந்தீங்க."

மகள் மறுப்பாள், அழுவாள், வக்கீலைக் கூப்பிடுவாள் என்று சர்வேயரம்மா எதிர்பார்த்தாள். மகள் மூன்றையும் செய்யவில்லை. திரவத்தை உள்ளங்கையில் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் நிதானமாகத் தேய்த்தாள்.

"நீங்க அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கீங்களா? சிலிண்டர் உஸ்ஸுங்கும். அப்புறம் இருமல். அப்புறம் கிண்ணம். பக்கத்து ரூம்ல, விடிஞ்சா அடைஞ்சா அதே சத்தம். சளி வாடை திரைச்சீலைல, தலையணைல, என் முடியில. அவர் அந்தக் கிண்ணத்தைக் கையால எடுத்துக் கழுவுவார். எங்கம்மா வாயைத் துடைச்சுவிட்டு அதே கையோட வந்து என் பக்கத்துல படுப்பார். சிரிச்சுக்கிட்டு. ரெண்டு பேரும் எனக்கு ஒரே நாத்தம். ஒருத்தரை மட்டும் அனுப்பிட்டு இன்னொருத்தரோட எப்படி இருக்கறது?"

ஒரு பல்லியைக் கூட்டித் தள்ளியதைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். சர்வேயரம்மா நசுங்கிய வண்டிகளுக்குள் எவ்வளவோ பார்த்திருக்கிறாள். எதற்கும் பின்வாங்கியதில்லை. இப்போது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அந்த மேசையில் தன் கை பட்டிருந்த இடம்கூட அவளுக்குக் கூசியது.

"நீங்க குடுத்த அட்வான்ஸ் நாளைக்கே திரும்பி வந்துடும்" என்றாள். "உங்க பணம் என் மேசைல கிடக்கறதே எனக்கு அருவருப்பா இருக்கு."

இன்ஸ்பெக்டரும் இரண்டு பெண் காவலர்களும் வந்தார்கள். கையைப் பிடிக்க வந்த காவலரிடம் மகள், தொடாமல் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார் அவர்.

மருமகனிடம் யார் சொல்வது என்ற கேள்வி வந்தபோது இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார். ஆகவே சர்வேயரம்மாவே திரும்பி வார்டுக்குப் போனாள். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தாள். கடைசியில், "உங்க மேல ஒரு தப்பும் இல்லை. அந்த வண்டியை யார் ஓட்டியிருந்தாலும் அங்கதான் நின்னிருக்கும்" என்றாள்.

அவன் உடம்பு குலுங்கியது. வாயைப் பொத்தக் கட்டுப்போட்ட கைகளைத் தூக்கினான், முடியவில்லை. ஸ்பீக்கர்தான் கட்டிலுக்கு அடியிலிருந்த பேசினை இழுத்து அவன் தாடைக்குக் கீழே பிடித்தான். குடித்த கஞ்சியெல்லாம் வந்தது. கொஞ்சம் ஸ்பீக்கரின் சட்டைக் கையிலும் பட்டது. அவன் நகரவில்லை. ஒரு கையால் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தான்.

எல்லாம் அடங்கியதும் மருமகன் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான்.

"ஏன் இன்னிக்கு இந்த வண்டின்னு அத்தை கேட்டாங்க. அவளுக்கு மீட்டிங்னு சொன்னேன். அனல் தாங்காம, வேற வண்டி பிடிச்சுடலாமான்னு நானே கேட்டேன். வேண்டாம்பா, அப்புறம் அவளுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், தன் வண்டியை நம்பலைன்னு நினைப்பான்னாங்க."



ஸ்பீக்கர் துண்டை நனைத்து வந்து, தோல் உரிந்த இடங்களில் படாமல், அவன் வாயோரத்தை மெல்லத் துடைத்துவிட்டான். பிறகு பேசினை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.